இலையைத் தின்றது யார்?

பாலர் பள்ளி ஒன்றின் பின்புறத்தில் நான்கு எலுமிச்சைச் செடிகள் தொட்டிகளில் வளர்ந்துகொண்டிருந்தன. நாள்தோறும் காலையில் அவற்றுக்கு நீர் ஊற்றுவது ஐந்து வயதுக் குழந்தைகளின் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தபோது, ஒரு செடியின் இளந்தளிர்கள் காணாமற்போயிருந்தன. "டீச்சர், யாரோ நம்ம செடியைத் தின்னுட்டாங்க!" என்று ஒரு சிறுவன் கத்தினான். ஆசிரியை விடை சொல்லவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை அவனிடம் கொடுத்து, "யாருன்னு நீங்களே கண்டுபிடிங்க," என்றார்.

குழந்தைகள் இலை இலையாகத் தேடினர். ஓர் இலையின்மேல் பறவையின் எச்சம் போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சிறுமி அதைக் குச்சியால் மெல்லத் தொட்டாள். உடனே அதன் தலைப்பகுதியிலிருந்து கவட்டை போன்ற உறுப்பு ஒன்று வெளியே நீண்டது. கூடவே ஒருவித நெடியும் வந்தது. அது எச்சமன்று, வண்ணத்துப்பூச்சியின் புழு! பறவைகளின் கண்ணில் படாமல் தப்பிப்பதற்காகவே அது அப்படித் தோற்றமளிக்கிறது. எலுமிச்சை, கறிவேப்பிலை போன்ற செடிகளின் இலைகளே அதன் உணவு. தேடி முடித்தபோது ஐந்து புழுக்கள் கிடைத்தன.

இப்போது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "தூக்கிப் போடணும், செடி பாவம்," என்றனர் சிலர். "வேணாம், புழுவும் பாவம்," என்றனர் வேறு சிலர். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படத்தில் காட்டலாம். ஆனால், தான் நீர் ஊற்றி வளர்த்த செடியை ஒரு பூச்சி தின்னும்போது எழும் கோபத்தையும் தயக்கத்தையும் படம் தராது. தோட்டத்தில் நிற்கும் குழந்தைக்குத்தான் அது கிடைக்கும்.

குழந்தைகளின் தோட்டம்

குழந்தைகளுக்கும் தோட்டத்துக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. ஜெர்மனியைச் சேர்ந்த கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபுரோபல், இளம் குழந்தைகளுக்காகத் தாம் தொடங்கிய பள்ளிக்கு 1840ஆம் ஆண்டில் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். ஜெர்மானிய மொழியில் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்பது பொருள். அது வெறும் உவமை அன்று. அவருடைய பள்ளியில் உண்மையிலேயே ஒரு தோட்டம் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் சிறிய பாத்தி ஒன்று தனியாக இருந்தது. எல்லாரும் சேர்ந்து பராமரிக்கும் பொதுப் பாத்திகளும் இருந்தன. தனக்கு உரியதைக் காப்பது, பொதுவானதைப் பகிர்ந்துகொள்வது ஆகிய இரண்டையும் குழந்தைகள் ஒரே இடத்தில் பழகினர்.

சிங்கப்பூரில் மக்களில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். வீட்டு வாசலில் மண்ணைத் தொட்டு விளையாடும் வாய்ப்பு இங்குள்ள குழந்தைகளில் பலருக்கு இல்லை. அக்குறையைப் போக்கச் சில இடங்கள் உள்ளன. பூமலையில் 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜேக்கப் பலாஸ் சிறுவர் தோட்டம் அவற்றுள் ஒன்று. ஆசியாவில் சிறுவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட முதல் தோட்டம் அது. அங்கே ஒரு வேடிக்கையான விதி உண்டு. சிறுவர்கள் பெரியவர்களோடுதான் செல்ல வேண்டும். பெரியவர்களும் சிறுவர்களோடுதான் செல்ல வேண்டும்! தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்வழி, குடியிருப்புப் பேட்டைகளிலும் பள்ளிகளிலும் சமூகத் தோட்டங்கள் உருவாகியுள்ளன. ஒரு தொட்டி வைக்குமளவு இடமிருந்தால் வீட்டு மாடத்திலும் செடி வளர்க்கலாம்.

வெளியே செல்வதால் கண்களுக்கும் நன்மை உண்டு. சிங்கப்பூர்ச் சிறுவர்களிடையே கிட்டப்பார்வை மிகுதியாகக் காணப்படுகிறது. பகல் வெளிச்சத்தில் நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வெளியே இருப்பது, கிட்டப்பார்வை ஏற்படும் வாய்ப்பைக் குறைக்கும் என்று கண் மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். மர நிழலில் இருந்தாலும் இப்பயன் கிடைக்கும். வீட்டு விளக்குகளைவிட வெளிச்சூழல் பல மடங்கு பிரகாசமானது.

எதை நடுவது? எப்படிக் காப்பது?

சிறு குழந்தைகளுக்குப் பொறுமை குறைவு. ஆகவே, விரைவாக வளரும் செடிகளையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். இரவு ஊறவைத்த பச்சைப்பயறு ஓரிரு நாளில் முளைவிடும். கங்கோங் கீரையை நான்கு வாரங்களுக்குள் அறுவடை செய்யலாம். வெண்டைச் செடி ஏறக்குறைய இரண்டு மாதங்களில் காய்க்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் எழுதிய சிறுதொட்டி ஒன்று கொடுத்தால், "இது என் செடி" என்ற உரிமையுணர்வு பிறக்கும்.

செடி வாடினால் என்ன செய்வது? சில பெரியவர்கள், குழந்தை வருந்துமே என்று எண்ணி, அது தூங்கும் நேரத்தில் புதிய செடியை வைத்துவிடுவர். அது அன்பால் செய்யும் செயல்தான். ஆனால், செடி ஏன் வாடியது என்று கேட்கும் வாய்ப்பைக் குழந்தை அதனால் இழந்துவிடுகிறது. நீர் குறைந்தாலும் செடி வாடும். நீர் மிகுந்து தேங்கினால் வேர் அழுகியும் வாடும். மண்ணில் விரலை நுழைத்து ஈரம் பார்க்கப் பழகிய குழந்தை, அடுத்த முறை அதைத் தானே கண்டுபிடிக்கும்.

தோட்ட வேலையில் கவனமும் தேவை. நடுப்பகல் வெயிலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ வேலை செய்வது நல்லது. கையில் காயம் இருந்தால் கையுறை அணிய வேண்டும். மண்ணைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். பெயர் தெரியாத இலையையோ காயையோ வாயில் வைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடக்கூடாது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய சிறிதளவு நீரிலும் முட்டையிடும். ஒரு வாரத்திற்குள் அது கொசுவாகிவிடும். வேலை முடிந்ததும் பூவாளியைக் கவிழ்த்து வைப்பதை ஐந்து வயதுக் குழந்தையும் தன் பொறுப்பாக ஏற்கலாம்.

குழந்தைகளின் தீர்ப்பு

அந்தப் பாலர் பள்ளியின் வழக்கு என்னவாயிற்று? நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு குழந்தைகளே ஒரு முடிவுக்கு வந்தனர். நான்கு செடிகளில் ஒன்றைப் புழுக்களுக்கு விட்டுவிடுவது. மற்ற மூன்றையும் தங்களுக்கு வைத்துக்கொள்வது.

அடுத்த சில நாள்களில் புழுக்கள் பச்சை நிறமாக மாறிப் பருத்தன. இரண்டு புழுக்கள் ஒரு காலையில் காணாமற்போயின, பறவை தின்றிருக்கலாம். மற்ற மூன்றும் கூட்டுப்புழுவாக மாறின. அவற்றுள் இரண்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிகள் வெளிவந்தன. ஈரச் சிறகுகளை உலர்த்திக்கொண்டு அவை பறந்து சென்றதைக் குழந்தைகள் மூச்சு விடாமல் பார்த்தனர். மூன்றாவது கூடு கறுத்து உலர்ந்துபோயிற்று.

"டீச்சர், இது எப்போ பறக்கும்?" என்று கேட்டாள் அந்தச் சிறுமி.

"இது பறக்காதும்மா. செத்துப்போச்சு," என்றார் ஆசிரியை.

குழந்தைகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அந்தச் செடியின் அடியிலேயே குழி தோண்டி அதைப் புதைத்தனர்.

இலைகளை இழந்த செடிக்கு அவர்கள் தொடர்ந்து நீர் ஊற்றினர். சில வாரங்களில் அது மீண்டும் துளிர்த்தது. அத்தளிரில் கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டை ஒன்று இருந்தது. அதை முதலில் கண்டவன், அன்று கத்திய அதே சிறுவன்தான். இம்முறை அவன் கத்தவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவர ஓடினான்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஆசிரியை நேரடியாக விடை கூறாமல் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தது ஏன்?
2. ஃபுரோபலின் பள்ளியில் தனிப் பாத்தியும் பொதுப் பாத்தியும் இருந்ததால் குழந்தைகள் பெற்ற பயன் யாது?
3. வாடிய செடியைக் குழந்தைக்குத் தெரியாமல் மாற்றி வைப்பது சரியா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. குழந்தைகளின் தீர்ப்பை நீ ஏற்றுக்கொள்கிறாயா? வேறு தீர்வு உண்டெனில் குழுவில் கலந்துரையாடுக.