வண்ண மீன் வளர்த்தல்: ஜலமறிந்து மீன் தேரும் முறை

சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டில் மீன்காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. கண்ணாடிக்குள் மீன் நீந்தும் காட்சி நம் ஜனங்களுக்கு அப்போது புதுமை. அச்சாலை இன்று இல்லை. காட்சியோ வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. அம்பத்தூருக்குக் கிழக்கே சில மைல் தூரத்திலுள்ள கொளத்தூர், வண்ண மீன் உற்பத்திக்கும் வியாபாரத்திற்கும் பேர்பெற்ற இடமாகும். அங்கு மீன் வாங்கி வரும் குடும்பங்கள் ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்திலும் உண்டு. கிணற்றடியில் சிமெண்டுத் தொட்டி கட்டிக் குஞ்சு உற்பத்தி செய்ய விரும்பும் குடியானவர்களும் உளர். “வாங்கிய மீன் வாரத்திற்குள் இறந்துவிட்டது” என்று அவர்கள் நம்மிடம் முறையிடுவதுண்டு. விசாரித்துப் பார்த்தால், ஜலத்தை அறியாமல் மீனைத் தேர்ந்ததே பெரும்பாலும் காரணமாயிருக்கிறது.

1. ஜலம்

விதைக்குமுன் மண்ணைப் பார்க்கிறோம். அதுபோல் மீன் வாங்குமுன் ஜலத்தைப் பார்த்தல் வேண்டும். பருப்பு எளிதில் வேகாமை, சோப்பு நுரையாமை, வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்படலம் படிதல் ஆகியவை கடின ஜலத்தின் அடையாளங்கள். இத்தகைய கிணற்று ஜலமுடையோர் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். இவை கடின ஜலத்தில் நன்கு செழிக்கும். குட்டி போடும் இனமாதலால் பெருக்குவதும் சுலபம். நியான் டெட்ரா, டிஸ்கஸ் முதலியவை அமேசான் பிரதேசத்து மென்ஜலத்திற்குரியவை. அவற்றைக் கடின ஜலத்தில் விடுவது உவர்நிலத்தில் பயறு விதைப்பதை ஒக்கும்.

ஆழ்துளைக் கிணற்று ஜலத்தில் பிராணவாயு குறைவாயிருக்கக்கூடும். அதை ஒரு நாள் திறந்து வைத்து, பாத்திரத்திற்குப் பாத்திரம் ஆற்றியபின் உபயோகிக்கவேண்டும். குழாய் ஜலத்தையும் குளோரின் நீங்கும்பொருட்டு 24 மணி நேரம் திறந்து வைத்தல் நலம்.

2. தொட்டி

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். மணலும் மேல்விளிம்பும் போக 45 லிட்டர் ஜலம் நிற்கும். 4 லிட்டருக்கு 1 அங்குல நீள மீன் என்று கணக்கிட்டால், சிறிய கப்பி மீன்கள் 8 வரை விடலாம். நேர்வெயில் படும் இடம் ஆகாது. ஜலம் பச்சையாகிச் சூடேறிவிடும்.

புதுத் தொட்டியில் ஒரே நாளில் மீன்களை நிறைப்பதே முதற்பிழை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் இட்ட உரம் மாறுவதும் இவ்வகையே. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் செல்லும். ஆதலால் தொடக்கத்தில் 2 அல்லது 3 மீன்களே விட்டு, பின்னர் படிப்படியாய்ச் சேர்க்கவேண்டும்.

3. மீன் தேர்தல்

துடுப்புகளை விரித்துச் சுறுசுறுப்பாய் நீந்தி, இரைக்கு ஓடிவரும் மீனே நல்லது. கடைத்தொட்டியில் ஒரு மீன் இறந்து கிடந்தாலும் அத்தொட்டியிலிருந்து எதையும் வாங்கலாகாது. தங்கமீன் குளிர்ந்த ஜலத்தை விரும்புவது, கழிவும் அதிகம், அதற்குப் பெரிய தொட்டியைத் தனியே அமைக்கவேண்டும். சண்டைமீனில் ஆண் இரண்டை ஒன்றாய் விட்டால் அவை போரிட்டு மடியும்.

புதுமீனை 2 வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தபின்பே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும். கப்பியில் 1 ஆணுக்கு 2 பெண் விடலாம். ஏறக்குறைய 4 வாரத்திற்கு ஒருமுறை அது குட்டியிடும். தாயே குட்டிகளைத் தின்றுவிடுமாதலால் செடிகளின் மறைவு அவசியம்.

4. செடிகள்

ஹைட்ரில்லாவும், நாடாபோன்ற இலையுடைய வாலிஸ்னேரியாவும் எளிதில் வளர்வன. ஏரியிலிருந்து எடுத்துவரும் செடியில் அட்டையும் நத்தை முட்டையும் ஒட்டியிருக்கலாம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாய்க் கரைத்து, அதில் 10 நிமிஷம் வைத்து, நல்ல ஜலத்தில் கழுவி நடவேண்டும். இரவில் செடியும் பிராணவாயுவை உட்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், செடியோ மீனோ அளவுக்கு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

5. நித்திய பராமரிப்பு

நாளொன்றுக்கு இருமுறை, 3 நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே இரையிடவேண்டும். மிஞ்சிய இரை அழுகி ஜலத்தைக் கெடுக்கும். வாரந்தோறும் கால்பங்கு ஜலத்தை மாற்றுக, முழுவதும் மாற்றலாகாது. எடுத்த ஜலம் பூச்செடிக்கும் கீரைப்பாத்திக்கும் நல்ல உரம்.

6. ஏரிக்கு வரும் கேடு

இனிச் சொல்வது முக்கியமானது. தொட்டிச் சுவரிலுள்ள பாசியைத் தின்னும் என்று கூறி, உறிஞ்சுவாய் மீன் ஒன்றை விற்கிறார்கள். ‘டேங்க் கிளீனர்’ என்பது அதன் கடைப்பெயர். வாங்கும்போது 2 அங்குலமேயிருக்கும். பின்பு ஓரடிக்கு மேலும் வளரும். தொட்டியில் இடங்கொள்ளாதபோது, இரக்கங்கொண்டு ஏரியில் விட்டுவிடுவோர் உளர். தென்னமெரிக்காவினதாகிய இம்மீனின் உடல் கவசம்போல் கடினமானது. துடுப்பு முட்கள் வலையைக் கிழிக்கும். முட்டையிடுவதற்குக் கரையில் வளை தோண்டும். கரை பலவீனப்பட்டால் பாசனம் என்னாகும் என்பதை நிலமுடையோருக்கு விளக்க வேண்டியதில்லை.

அழகுக்காக அயல்நாட்டிலிருந்து வந்த ஆகாயத்தாமரை இன்று நம் ஏரிகளை மூடிக்கிடப்பதை யாவரும் காண்கிறோம். ஒருமுறை பரவியதை அகற்றுவது எவ்வளவு பிரயாசை என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே, வேண்டாத மீனையும் செடியையும் ஏரி, குளம், வாய்க்கால் எதிலும் விடலாகாது. மீனை விற்ற கடையிலோ, வளர்க்க விரும்புவோரிடமோ கொடுத்துவிடுக. செடியை வெயிலில் உலர்த்தி எருக்குழியில் இடுக. உற்பத்தித் தொட்டிகளை மேட்டில் அமைத்து, வடிகால் வாயில் நெருங்கிய வலை கட்டுக. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும்; அத்தகைய வெள்ளத்தில் பள்ளத்திலுள்ள தொட்டியும் ஏரியும் ஒன்றாகிவிடும். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைக் கூட்டங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் எடுத்துரைத்தல் வேண்டும். தொட்டி ஒருவருடையது, ஏரி ஊராருடையது. முன்னதன் இன்பத்திற்காகப் பின்னதைக் கெடுக்காமலிருப்பதும் மீன் வளர்ப்போர் கற்கவேண்டிய பாடமேயாம்.