நேசமணியைச் சும்மா விடு

பெரியகுளம் வடகரைத் தம்பிக்கு,

அரிக்கொம்பன் யானை கம்பத்துக்குள் நுழைந்ததை வைத்து நீ போட்ட ஒரு நிமிட ரீல்ஸ், வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிட்டு இந்தப் பழைய நிருபனின் போனுக்கும் வந்து சேர்ந்தது. எடிட்டிங் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கை பழகியிருக்கிறது. ஆனால் சனம் தெறித்து ஓடுகிற இடத்தில் வடிவேலு குரலை எதற்கு ஒட்டினாய்?

அது 2023 மே 27. ஏப்ரல் 29-இல் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்ட யானை, ஒரு மாதத்துக்குள் மலையிறங்கிக் கம்பம் தெருவுக்கு வந்துவிட்டது. ஊருக்கு 144 தடை உத்தரவு. புளியந்தோப்பில் ஒதுங்கி நின்றதை, யூடியூபர் ஒருவர் பறக்கவிட்ட ட்ரோன் மிரட்டிக் கிளப்பியது. போலீஸ் அவரைப் பிடித்தது. பைக்கில் வந்து யானையிடம் மாட்டிய காவலாளி ஒருவர் மே 30 அன்று இறந்தார். யானையை ஜூன் 5-இல் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். உன் ரீல்ஸில் தேதியும் இல்லை, ஊரும் இல்லை.

வடிவேலுவை எப்படி எடுத்தாள்வது என்பதற்கு 2019 மே மாதம் ஒரு பாடம் நடந்தது. பாகிஸ்தானிலிருந்து இயங்கிய ஒரு சிவில் இன்ஜினியரிங் முகநூல் பக்கம், சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்குப் பெயரென்ன என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்ன கையோடு, ஜமீன் மாளிகையில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை உடைத்தது இதுதான் என்று, செய்தி சொல்வதுபோல எழுதிவைத்தார். இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் விசாரித்தார். போதாதா? மோடி இரண்டாம் முறை பதவியேற்பதற்கு முந்தின நாள், ட்விட்டரில் உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தித்தது. 2001-இல் வந்த சித்திக்கின் ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நேசமணியாக நடித்த காட்சி அது. முதல் சிரிப்புக்கு ஒரு கிளிப்பும் தேவைப்படவில்லை. ஜமீன் மாளிகை, பெயின்டிங் கான்ட்ராக்டர் என்று அந்த மனிதர் விவரம் கொடுத்தார் பார், வேலை செய்தது அது.

விவரத்தை விழுங்குவதும் புதிதல்ல. தென்கரைக் கடைவீதியில் மாலைப் பத்திரிகை வால்போஸ்டர் தொங்கும்: ‘பஸ் கவிழ்ந்தது’. எங்கே என்று இருக்காது. நம்ம போடி வண்டியோ என்று பதறிக் காசு கொடுத்து வாங்கினால், பஸ் ஆந்திராவில் கவிழ்ந்திருக்கும். அந்தக் கள்ளத்தனத்துக்காவது வியாபாரம் என்றொரு காரணம் இருந்தது. உனக்கு என்ன?

இவ்வளவு திட்டியும் அந்த ரீல்ஸை மூன்று தடவை போட்டுப் பார்க்க வைத்துவிட்டாய். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே பத்திரமாக இருக்க மனமில்லாமல், குனிந்து குனிந்து தெருவை எட்டிப் பார்க்கிற அந்த அம்மா! அங்கே பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. ஊருக்கே பயம், அதைவிடப் பெரிசாக வேடிக்கை ஆசை. அந்த வாரம் டிவிக்காரர்கள் காட்டிய எதிலும் இது இல்லை.

ரீல்ஸை அழிக்க வேண்டாம். வடிவேலு குரலை எடுத்துவிட்டு, மேலே ‘கம்பம், 27.5.2023’ என்று போட்டு மறுபடி ஏற்று. அந்த அம்மா காட்சி வேறு யாராவது எடுத்ததென்றால், கேட்டுக்கொண்டு அவர் பெயரையும் போடு. ஃபுட்டேஜ் இருந்தால் இன்னும் ரெண்டு செகண்ட் நீட்டலாம்.