வெள்ளை என்று பெயர் வைக்காதே

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய திரைகளைப் பார்த்தேன். வெளிச்சத் தீம் நேர்த்தியாக வந்திருக்கிறது. கூடவே, "டார்க் மோடுக்கு நிறங்களை அப்படியே தலைகீழாக்கிவிட்டேன் அண்ணா, ஒரே வரியில் வேலை முடிந்தது" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

தலைகீழாக்கினால் புகைப்படங்கள் ஃபிலிம் நெகட்டிவ் போல ஆகிவிடும் என்பதைக் கவனித்து, படங்களை மட்டும் மறுபடி நேராக்கியிருக்கிறாய். நல்லது. ஆனால் 'பணம் செலுத்த முடியவில்லை' என்று சொல்லும் சிவப்புப் பெட்டியைப் பார். இருட்டில் அது நீலப்பச்சையாக நிற்கிறது. பதறிக்கொண்டு திரையைப் பார்க்கும் ஒருவருக்கு, எல்லாம் சரியாக நடந்ததுபோல அது தோன்றும். ஒவ்வொரு நிறத்துக்கும் திரையில் ஒரு வேலை இருக்கிறது. கணக்குப் போட்டுத் திருப்பும்போது அந்த வேலை தொலைந்துபோகிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2018-இல் மேக் கணினிகளின் மொஹாவி பதிப்பிலும், அடுத்த ஆண்டு ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 இரண்டிலும் டார்க் மோடு வந்தது. உடனே எங்கள் வாடிக்கையாளரும் கேட்டார். எங்கள் சிஎஸ்எஸ் கோப்பில் 'வெள்ளை' என்றொரு மாறி இருந்தது. அதன் மதிப்பைக் கருஞ்சாம்பலாக மாற்றினோம். பக்கத்தின் பின்னணி அழகாக இருண்டது. கூடவே நீலப் பொத்தான்களின்மேல் இருந்த எழுத்தும் இருண்டுபோனது. பின்னணிக்கும் பொத்தான் எழுத்துக்கும் ஒரே 'வெள்ளை'யைத்தான் கொடுத்து வைத்திருந்தோம். வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததால், அவை இரண்டு வேறு வேலைகள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எந்த 'வெள்ளை' பின்னணி, எந்த 'வெள்ளை' எழுத்து என்று கோப்பு கோப்பாகத் திறந்து பிரித்தெடுக்கப் பல வாரங்கள் ஆயின. 'வெள்ளை' என்ற பெயருக்குள் கறுப்பை வைத்துவிட்டு, அடுத்து வருகிறவருக்கு அதை எப்படி விளக்குவது?

அதனால், நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதே. அது செய்யும் வேலையைப் பார்த்து வை. டிசைன் டோக்கன் என்கிறார்களே, அதன் உயிர் இதில்தான் இருக்கிறது. அடியில் ஓர் அடுக்கு இருக்கட்டும்: நீலம் 600, சாம்பல் 900 என்று வெறும் நிறங்கள். அதன்மேல் இன்னோர் அடுக்கு: பக்கப் பின்னணி, முதன்மைப் பொத்தானின் பின்னணி, அந்தப் பொத்தானின்மேல் வரும் எழுத்து, எச்சரிக்கைக் கோடு. உன் காம்பொனென்ட்கள் மேலடுக்கோடு மட்டும் பேசட்டும். தீம் என்பது இந்த இரண்டு அடுக்குகளையும் இணைக்கும் பட்டியல், அவ்வளவுதான். நாளைக்கு மூன்றாவதாக ஒரு தீம் கேட்டாலும், இன்னொரு பட்டியல் எழுதினால் போதும். பொத்தானின் கோப்பைத் திறக்கவே வேண்டாம். ஒரு பெயர் சரியா என்ற ஐயம் வந்தால், இருட்டிலும் அது உண்மையாக இருக்குமா என்று கேட்டுப் பார். இருக்காது என்றால் மாற்றிவிடு.

பட்டியல் எழுதும்போது கண்ணை மட்டும் நம்பாதே, அளந்து பார். இணைப்புகளுக்கு உலாவிகள் காலங்காலமாகத் தரும் அந்த அடர்நீலம், வெள்ளைப் பின்னணியில் ஏறத்தாழ 9.4:1 மாறுபாடு தரும். அதையே 121212 என்ற கருஞ்சாம்பலில் வைத்தால் 2:1-க்கு இறங்கிவிடும். சாதாரண எழுத்துக்கு வலை அணுகல் நெறிகள் கேட்பது 4.5:1. ஆகவே இருட்டுக்கு வெளிறிய, நிறச்செறிவு குறைந்த இன்னொரு நீலத்தைத் தேட வேண்டும். இருட்டில் நிழலும் எடுபடாது. மேலெழும் அட்டையைக் காட்ட அதன் பரப்பைச் சற்று வெளிறச் செய். கூகுளின் மெட்டீரியல் டிசைன் அந்த 121212-ஐ அடித்தளமாக வைத்து இதைத்தான் சொன்னது.

நம் எழுத்தைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதை நான் கண்டதில்லை. கறுப்பின்மேல் வெளிச்சமான எழுத்து, உள்ளதைவிடத் தடித்துத் தெரியும். ண, ஞ, ணை போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகளில் உள்வெளி சிறியது; தடித்தால் அது அடைபட்டுப்போகும். முழுக் கறுப்பில் முழு வெள்ளையைக் கொட்டினால், சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு எழுத்தைச் சுற்றி ஒளி வேறு கசியும். எழுத்துக்குச் சற்று மங்கிய வெள்ளையைக் கொடு. நோட்டோ சான்ஸ் தமிழ் போல எடையை மாற்ற இடம் தரும் எழுத்துரு என்றால், இருட்டுத் தீமில் எடையைக் கொஞ்சம் குறைத்துப் பார். எழுத்தின் எடையும் தீமுக்குள் வரும் ஒரு டோக்கன்தான்.

வெளிச்சம், இருட்டு இரண்டில் எது சிறந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கண்புரை உள்ள பலருக்கு இருண்ட பின்னணி இதம். நல்ல பார்வை உள்ளவர்களிடம் நடந்த பல சோதனைகளில் வெள்ளைமேல் கறுப்புதான் வாசிக்க எளிதாக இருந்தது. கருவியின் விருப்பத்தை மீடியா குவெரி வழியாகக் கேட்டுக்கொள். ஆனால் வெளிச்சம், இருட்டு, கருவிப்படி என்ற மூன்று தெரிவுகளையும் பயனரிடமே விடு. அவர் தேர்ந்ததைப் பக்கம் வரையப்படும் முன்பே படித்துவிட வேண்டும். தாமதித்தால் நள்ளிரவில் திறப்பவரின் முகத்தில் ஒரு கணம் வெள்ளை அடித்துவிட்டுத்தான் இருட்டு வரும். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் படுத்தபடி திறந்து பார், அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அடுத்த முறை திரைகளை அனுப்பாதே. மேலடுக்குப் பெயர்களின் பட்டியலை மட்டும் அனுப்பு, நிறம் எதுவும் போடாமல். உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்