பிட்டும் தேங்காய்ப்பூவும்: முக்கியக் குறிப்புகள்

இறக்காமம், அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் போட்டிப் பரீட்சைக்குப் படிப்போருக்கு.

• பொருள்: பிரிக்க முடியாத நெருக்கம். கிழக்கிலங்கையில் தமிழர், முஸ்லிம்கள் உறவைச் சொல்லவே பெரிதும் வழங்குகிறது. பேச்சில் 'புட்டு' என்றும் வரும்.

• இலக்கணம்: 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்பதில் இரண்டு 'உம்'மும் எண்ணும்மை; 'போல' உவம உருபு. ஒத்த தொடர்: நகமும் சதையும் போல.

• தேங்காய்ப்பூ: திருவலையில் திருவி எடுத்த தேங்காய். தென்னம்பாளைப் பூவோ, முளைத்த தேங்காய்க்குள் இருக்கும் பூவோ அன்று.

• தோற்றம்: அடுப்படி. மூங்கில் குழலில் தேங்காய்ப்பூ ஒரு பிடி, அதன்மேல் குழைத்த அரிசிமா, மறுபடி தேங்காய்ப்பூ என்று மாறி மாறி இட்டு ஆவியில் அவிப்பார்கள். குழலிலிருந்து தள்ளினால் அடுக்குகள் தனித்தனியே தெரியும். ஆனால் மாவை விட்டுப் பூவைப் பிரித்தெடுக்க முடியாது. ஒன்றில் ஒன்று கரையாமலே சேர்ந்திருப்பதுதான் இவ்வுவமையின் உயிர். 'இரண்டும் ஒன்றாகிவிட்டன' என்று விடை எழுதினால் பொருளில் பாதி போய்விடும்.

• யார் முதலில் சொன்னது என்று பெயர் எழுதாதீர்கள். இது மக்கள் வழக்கு.

• குடி முறை (கட்டாயம் படிக்கவும்): இக்கரையோரத்தில் இரு சமூகத்தாரிடமும் தாய்வழிக் குடி உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வாழ வருவார். வீடு மகளுக்குச் சீதனம். குடிகளின் சார்பில் கோயிலில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்காயர் பொறுப்பேற்பது மரபு. மார்க்கம் வேறு, குடும்ப அமைப்பு ஒன்று. உறவுக்குச் சான்று கேட்டால் விருந்தோம்பலைவிட இதையே முதலில் எழுதுங்கள். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் செய்த கள ஆய்வு இதை விரிவாகப் பதிந்தது. அவரது நூல் வெளிவந்த ஆண்டு 2008.

• ஊர் அமைவு: தமிழ் ஊரான காரைதீவுக்கு வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், இரண்டும் முஸ்லிம் ஊர்கள். இறக்காமம் பிரதேசத்திலும் மாணிக்கமடு தமிழ்க் கிராமம்.

• 1961: மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது.

• 1990 ஆகஸ்ட்: 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர், 12ஆம் திகதி வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டனர். முன்னது மட்டக்களப்பு மாவட்டம், பின்னது அம்பாறை மாவட்டம். இன உறவு பற்றிய கட்டுரையில் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதுவது மற்றவரின் இழப்பை மறைப்பதாகும்.

• மாதிரி வினா: வண்ணக்கர், மரைக்காயர் பொறுப்புகளுக்குக் குடி எவ்வாறு அடிப்படையாகிறது?