கருமாதி முடிந்த பிறகு வரும் பயம்

கீரனூரில் ஒரு சாவு விழுந்தால் தெருவே கூடிவிடும். பதினாறாம் நாள் கருமாதியோ நாற்பதாம் நாள் பாத்திஹாவோ முடியும்வரை கேத வீட்டில் ஆள் குறையாது. கடைசி உறவுக்காரரும் பழனி பஸ் ஏறின பிறகுதான் பயம் வந்து உட்காரும். முதல்முறையாக நெருங்கியவரைப் பறிகொடுத்த பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்லி வைப்பதில்லை.

1. அழுகைக்குத்தான் தயாராக இருப்பாய், வருவது படபடப்பு. நடுராத்திரி விழிப்புத் தட்டும், உள்ளங்கை வேர்க்கும், 'அடுத்தது யாரோ' என்று ஓடும். சாவுச் செய்தி வந்த அதே ரிங்டோன் அடித்தால் ஈரக்குலை நடுங்கும். இன்றைக்கே அந்த ரிங்டோனை மாற்று. புத்தி பேதலித்துவிடவில்லை கண்ணு. துக்கம் பலருக்கு இப்படித்தான் வரும்.

2. மாரடைப்பில் அப்பா போன வீட்டில் மகனுக்கு இடது மார்பு வலிக்கும். 'எல்லாம் மனசுதான்' என்று தள்ளாமல் ஒரு ஈசிஜி எடுத்துவிடு. பெருந்துக்கத்தில் இதயத் தசையே கொஞ்ச காலம் தளர்ந்துபோவதை 1990 வாக்கில் ஜப்பான் மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். வயதான பெண்களுக்குத்தான் அது அதிகம். சிகிச்சையில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். அதனால் கணவரை இழந்த அம்மா நெஞ்சைப் பிடித்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. உன் இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால், புதிதாக எதுவும் வராதவரை வாராவாரம் ஈசிஜிக்கு ஓடாதே. அந்தத் தாள் நாலு நாள் நிம்மதி தரும், பிறகு அடுத்த தாளைக் கேட்கும்.

3. படபடப்பு ஏறும்போது அதோடு மல்லுக்கட்டாதே. பெரும்பாலும் சில நிமிஷத்தில் உச்சிக்குப் போய்த் தானே இறங்கும். திண்ணையில் உட்கார்ந்து நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு.

4. பாட்டிமார்களின் ஒப்பாரியைக் கூச்சல் என்று நினைக்காதே. 'இனி எனக்கு யார், இந்தப் பிள்ளைகளை யார் கரையேற்றுவார்' என்று உள்ளே கிடக்கும் பயத்தை அவர்கள் ஊர் முன்னால், கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டுக் கேட்டார்கள். ஆம்பளைக்கு அந்த இடத்தை நாம் கொடுக்கவே இல்லை. 'நீ தைரியமாக இருக்கணும்ப்பா' என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறோம்; அவன் டாஸ்மாக்கில் போய் நிற்கிறான். குடித்தால் கண் அசரும், விடிகாலையில் படபடப்பு முன்னைவிட மோசமாக எழுப்பும். டாக்டர் சீட்டில்லாமல் மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்பதும் வேண்டாம். பங்காளியோ கூட்டாளியோ ஒருவனிடம் 'எனக்குப் பயமா இருக்குடா' என்று சொல்லிவிடு.

5. பயத்தில் பாதி காகிதத்தில் இருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடு. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடு. பேங்க் பாஸ்புக், நகைக்கடன் ரசீது, பென்ஷன் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை. ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும்.

6. ஆறு மாதம் தாண்டியும் உலை வைக்க முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் மருத்துவம் வேண்டும். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கத்துக்கும் இடம் உண்டு. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார். 'நானும் போய்ச் சேர்ந்துடலாம்' என்று தோன்றினால் ஆறு மாதமும் வேண்டாம், ஆறு மணி நேரமும் வேண்டாம். 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ், இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

7. வருஷத் திதி நெருங்கும்போது காரணம் தெரியாமல் படபடப்பு திரும்பலாம். வீட்டில் உள்ளவர்களிடம் தேதியை முன்பே சொல்லிவிடு. அந்த வாரத்தில் பத்திரப் பதிவு, கடன் பேச்சு எதையும் வைத்துக்கொள்ளாதே.