பொன்னும் தேயிலையும்: பந்தலூர் புகட்டும் கணக்கியல் பாடம்

வணிகவியல் மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு, அவர்தம் கணக்குப் பதிவியல் நூலையும் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவ்வப்போது கிட்டுவதுண்டு. முதல், வருவாய், செலவு, இலாபம் என்னும் சொற்களை மாணவர் பலர் மனப்பாடம் செய்கின்றனர். அவற்றின் பொருளை உணர்வோர் சிலரே. அப்பொருளை உணர்த்தும் ஏடாகப் பந்தலூர் மண் நம் கண்முன் விரிந்து கிடக்கிறது.

1877இல் மலபாரிலிருந்து நீலகிரியுடன் இணைக்கப்பட்ட தென்கிழக்கு வயநாட்டைச் சேர்ந்தது நம் பந்தலூர். ஆஸ்திரேலியச் சுரங்கத்துறையில் பணியாற்றிய பிரஃப் ஸ்மித் என்பார், இப்பகுதியின் பொன்வளம் குறித்து 1880இல் அறிக்கை அளித்தார். உடனே இலண்டனில் நிறுவனங்கள் பல முளைத்தன, பங்குகள் பறந்தன. நலிந்து கிடந்த காப்பித் தோட்டங்கள் பொன்நிலம் என்னும் பெயரில் பெருவிலைக்குக் கைமாறின. ஆனால், அரைத்த பாறையிலிருந்து கிட்டிய பொன்னோ செலவுக்கும் போதவில்லை. சில ஆண்டுகளுக்குள் நிறுவனங்கள் சரிந்தன.

இதில் இரு பாடங்கள் உள. பங்குதாரர் இட்ட பணம் முதல். அது வருவாய் ஆகாது. ஒரு சொத்தின் மதிப்பு அது ஈட்டித்தரும் பயனைப் பொறுத்தது. வாங்கிய விலையைப் பொறுத்ததன்று.

பொன் பொய்த்த மலையில் தேயிலை நிலைத்தது. செடி நட்டு இலை பறிக்க ஏறத்தாழ மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை ஆகும் செலவு முதலினச் செலவு. பின்னர் ஆண்டுதோறும் இடும் உரமும் பறிப்புக் கூலியும் வருவாயினச் செலவு.

சிறு விவசாயி ஒருவரின் ஆண்டுக் கணக்கைக் கற்பனையாகக் காண்போம். 6,000 கிலோ பசுந்தேயிலையைக் கிலோ 20 ரூபாய்க்கு விற்றார், வரவு 1,20,000. கடனாகப் பெற்றது 30,000. உரத்திற்கு 30,000, கூலிக்கு 48,000, வண்டி வாடகைக்கு 6,000 என 84,000 செலவிட்டார். கையில் எஞ்சியது 66,000. அத்தனையும் இலாபம் என எண்ணி மகளின் திருமணத்திற்கு நாள் குறிக்கிறார்!

கடன் வருவாயன்று, அது பொறுப்பு. அதனை நீக்கின் 36,000. இன்னும் செலுத்தாத வட்டி 3,000 ரூபாயும் செலவே, ஆக 33,000. கணவனும் மனைவியும் தம் தோட்டத்தில் உழைத்த நாட்களில் வெளியே வேலைக்குச் சென்றிருந்தால் 27,000 ஈட்டியிருப்பர். பொருளியலார் இதனை வாய்ப்புச் செலவு என்பர். அதையும் கழித்தால் எஞ்சுவது 6,000. இலை விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் இறங்கின் அதுவும் இல்லை.

விலை அவர் கையில் இல்லை. அது குன்னூர் ஏலத்தை ஒட்டியது. ஏலமோ உலகச் சந்தையை ஒட்டியது. இந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிய சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. 1990களின் இறுதியில் நீலகிரியில் இலை விலை வீழ்ந்தபோது எத்தனை குடும்பங்கள் கலங்கின என்பதை மூத்தோர் அறிவர்.

விலையை நாம் ஆள இயலாது, கணக்கை ஆளலாம். 1494இல் வெனிசில் வெளியான நூலில் லூக்கா பசியோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே, திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைக்கப் பணித்தது. வள்ளுவரும் பொருள்செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்.

மாணவச் செல்வங்களே! இவ்வார விடுமுறையில் வீடு சென்றதும் தந்தையார் அருகில் அமர்ந்து, ஒரு குறிப்பேட்டில் இம்மாத வரவையும் செலவையும் கடனையும் தனித்தனியே எழுதுங்கள். கற்ற கல்வியின் முதற்பயன் அதுவே ஆகும்.