போளூரிலிருந்து வயலின் போட்டிக்கு

கர்நாடக வயலின் கற்ற பிள்ளைகள் முதலில் இதைக் கவனியுங்கள். மெனுஹின், பெல்ஜியத்தின் குயீன் எலிசபெத் போன்ற போட்டிகள் மேற்கத்திய இசைக்கானவை. ஸ-ப-ஸ-ப சுருதி அங்கே செல்லாது. ஜி-டி-ஏ-இ என்றுதான் தந்தி கூட்ட வேண்டும். பாக், பகானினி எழுதியவற்றைப் பெரும்பாலும் இசைக்குறிப்பைப் பார்க்காமல் வாசிக்க வேண்டும். மெனுஹின் போட்டிக்கு வயது 22-க்குள் இருக்க வேண்டும்.

முதல் சுற்று அநேகமாக வீடியோதான். வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் பதியுங்கள். முகமும் இரு கைகளும் தெரியட்டும். பஸ் ஹாரன் ஓயாத ஊரில் விடியற்காலையே தோது. எதிரொலி கூட்டும் ஆப் வேண்டவே வேண்டாம்.

பாஸ்போர்ட்டை முன்கூட்டியே எடுங்கள். பெல்ஜியம் செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பழைய வில்லின் நுனியில் தந்தம் இருந்தால் சுங்கத்தில் பறிபோகலாம், மாற்றிவிடுங்கள். விதிகளை முழுதும் படித்த பிறகே நுழைவுக் கட்டணம் கட்டுங்கள். பொதுவாக அது திரும்பி வராது.